சுவாசப்பைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பம்ப் மருந்துகள்



சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து வைத்தியசாலையிலிருந்து கடிதம் வந்தால், எமது வீடுகளில் எல்லோரும் முதலில் தேடிப் படிப்பது ஒரு வரியைத்தான். எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது? எத்தனை மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கக் கூடாது? அந்த வரியை நாம் விரதம் போலவே கடைப்பிடிக்கிறோம். நல்லது. ஆனால் "வாயால் எதுவும் எடுக்கக் கூடாது" என்பதற்குள் தாம் தினமும் பாவிக்கும் பம்பையும் சேர்த்துக்கொண்டு, அதை வீட்டு மேசையில் வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள்.

பம்ப் உணவு அல்ல. அது வயிற்றுக்குப் போகும் மருந்தும் அல்ல. இதை எல்லாச் சத்திரசிகிச்சைகளுக்கும் சொல்லலாம் என்றாலும், சுவாசப்பையில், அதாவது நுரையீரலில், செய்யப்படும் சத்திரசிகிச்சைக்கு இது மிக மிக முக்கியம். ஏன் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

யாருக்கு இது பொருந்தும்?

சுவாசப்பையில் சத்திரசிகிச்சை செய்யப்படுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது சுவாசப்பைப் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால், நோயுள்ள பகுதியை வெட்டி அகற்றுவதன் மூலம் பலரை முற்றாகக் குணப்படுத்த முடிகிறது. இங்கிலாந்தில் 55 முதல் 74 வயது வரையான, புகைக்கிற அல்லது முன்பு புகைத்த ஆட்களை அழைத்து ஸ்கான் மூலம் பரிசோதிக்கும் திட்டம் 2019 இல் ஆரம்பிக்கப்பட்டு, படிப்படியாக நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டு வருகிறது. அறிகுறி எதுவும் இல்லாத நிலையிலேயே நோய் பிடிபடுவதால், சத்திரசிகிச்சை வரை போகும் வாய்ப்பும் கூடுகிறது. அந்த அழைப்புக் கடிதம் உங்கள் வீட்டுக்கும் வந்தால் தயவுசெய்து ஒதுக்கி வைக்க வேண்டாம்.

புற்றுநோயை உண்டாக்கும் அதே புகை சுவாசக் குழாய்களையும் கெடுக்கிறது. அதனால் சுவாசப்பைப் புற்றுநோய் உள்ள பலருக்கு நாட்பட்ட சுவாசத்தடை நோயும் கூடவே இருக்கிறது. இதை இங்கே சீ.ஓ.பி.டி என்று சொல்வார்கள். "வயது போனால் மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று இருந்துவிடுவதால், சத்திரசிகிச்சைக்கான பரிசோதனைகளின்போதுதான் தமக்கு இந்த நோய் இருப்பதைப் பலர் முதன்முதலாக அறிகிறார்கள்.

இது சிகரெட், சுருட்டு, பீடி பிடித்த ஆண்களின் நோய் மட்டுமல்ல. ஊரில் பல ஆண்டுகள் புகைபோக்கி இல்லாத குசினியில் விறகடுப்பு ஊதிய அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் இது வரலாம். வைத்தியர் "புகைப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பதோடு நிறுத்திவிடாமல், அடுப்புப் புகை பற்றியும் சொல்லுங்கள். இவர்களைவிட, சிறு வயதிலிருந்தே தொய்வு அல்லது முட்டு என்று நாம் சொல்லும் ஆஸ்மா உள்ளவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

பம்புக்குள் என்ன இருக்கிறது?

எமது சுவாசக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசைகள் இருக்கின்றன. அவை இறுகும்போது குழாய் ஒடுங்குகிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாமல் தேங்குகிறது. மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் கேட்பதும், நெஞ்சு பாரமாக இருப்பதும் இதனால்தான். அந்தத் தசைகளைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்யும் மருந்துகளே சுவாசக்குழாய் விரிப்பிகள். இவை இரண்டு வகைப்படும்.

ஒன்று, உடனே வேலை செய்து சில மணி நேரத்தில் ஓய்பவை. வென்டோலின் என்ற பெயரில் பலரும் அறிந்த சல்பூட்டமோல் இந்த வகை. சில நிமிடங்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். நாலு முதல் ஆறு மணி நேரம் வரை பயன் இருக்கும். இப்ராட்ரோபியம் என்ற மருந்தும் குறுகிய நேரம் வேலை செய்வதுதான். ஆனால் சல்பூட்டமோல் அளவுக்கு வேகமாகத் தொடங்குவதில்லை.

மற்றது, நீண்ட நேரம் வேலை செய்பவை. சல்மெட்டரோல், ஃபோர்மோட்டரோல் ஆகியவை சுமார் 12 மணி நேரமும், தியோட்ரோபியம் போன்றவை 24 மணி நேரமும் குழாய்களைத் திறந்து வைத்திருக்கும். இவற்றை மூச்சு முட்டும்போது மட்டும் எடுத்தால் போதாது. சுகமாக இருக்கும் நாளிலும் தவறாமல் எடுக்க வேண்டும்.

ஸ்டீரொய்ட் பம்ப் என்பது வேறு. அது குழாயின் உட்சுவரில் உள்ள வீக்கத்தைக் குறைக்கும். விரிப்பியும் ஸ்டீரொய்டும் ஒன்றாகச் சேர்ந்த பம்புகளும் உண்டு. 2024 நவம்பரில் பிரித்தானியாவில் வெளியான ஆஸ்மா வழிகாட்டலின்படி, 12 வயதுக்கு மேற்பட்ட ஆஸ்மா நோயாளர்களுக்கு நீல நிறச் சல்பூட்டமோல் பம்பை மட்டும் தனியாகக் கொடுப்பது கைவிடப்பட்டு, ஸ்டீரொய்டும் ஃபோர்மோட்டரோலும் சேர்ந்த பம்ப் கொடுக்கப்படுகிறது. ஆகவே "நீலப் பம்ப்", "மண்ணிறப் பம்ப்" என்று நிறத்தைச் சொன்னால் மட்டும் போதாது. மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய பின் எவ்வளவு மிஞ்சும்?

சுவாசப்பைச் சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்வார்கள். ஸ்பைரோமெற்றி என்பது இதன் பெயர். முழு மூச்சையும் இழுத்து ஊதும்போது, முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதே வைத்தியர்கள் முக்கியமாகப் பார்க்கும் எண். சத்திரசிகிச்சை செய்யலாமா, எவ்வளவு பகுதியை அகற்றலாம் என்ற முடிவில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கணக்கு விளங்காத ஒன்றல்ல. எமது இரண்டு சுவாசப்பைகளையும் 19 சிறு பிரிவுகளாகக் கணக்கிடுகிறார்கள். வலது பக்கத்தில் 10, இடது பக்கத்தில் 9. இதயத்துக்கு இடம் விடுவதால் இடது பக்கம் சற்றுச் சிறியது. வலது மேற்பகுதியில் 3 பிரிவுகள் உள்ளன. ஒருவரால் முதல் செக்கனில் 1.9 லீற்றர் காற்றை ஊத முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது மேற்பகுதியை அகற்றினால் மீதமாவது 19 இல் 16 பங்கு, அதாவது 1.6 லீற்றர். வலது சுவாசப்பை முழுவதையும் அகற்ற நேர்ந்தால் மீதமாவது 19 இல் 9 பங்கு, வெறும் 0.9 லீற்றர். முதலாவதோடு சாதாரணமாக நடமாடலாம். இரண்டாவதோடு படி ஏறுவதே பாடாகிவிடலாம்.

வெட்டப்போகும் பகுதியின் அளவை நோய்தான் தீர்மானிக்கிறது. அதை எம்மால் மாற்ற முடியாது. ஆனால் தொடக்கத்தில் உள்ள 1.9 என்ற எண்ணைச் சிலரிடம் மாற்ற முடியும். குழாய்கள் ஒடுங்கியிருப்பதால் குறைந்து காணப்படும் காற்றளவை, விரிப்பி மருந்து சற்றுக் கூட்டித் தருகிறது. ஒழுங்காக மருந்து எடுத்து அந்த எண் 2.1 லீற்றராக உயர்ந்தால், வலது மேற்பகுதியை அகற்றிய பின்னும் ஏறத்தாழ 1.77 லீற்றர் மிஞ்சும். அதுவரை சிகிச்சை பெறாத சீ.ஓ.பி.டி நோயாளருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் சில வாரங்கள் நீண்ட நேர விரிப்பிகளைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் இப்படியான முன்னேற்றம் காணப்பட்டிருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு கூடும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு எண் அவ்வளவாக மாறாது, ஆனால் தேங்கிய காற்று குறைந்து மூச்சு இலகுவாகும். எல்லைக் கோட்டில் நிற்பவருக்கு இந்தச் சிறு மாற்றமும் பெரியது. இந்த எண் மட்டுமே கடைசி முடிவும் அல்ல. நடைப் பரிசோதனை, சைக்கிள் மிதிக்கும் பரிசோதனை, இதயப் பரிசோதனை போன்றவற்றையும் சேர்த்தே வைத்தியர்கள் முடிவெடுப்பார்கள்.

காத்திருக்கும் நாட்கள் வீண் நாட்கள் அல்ல

புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையை மாதக் கணக்கில் தள்ளிவைக்க முடியாது. நோய் உறுதியாவதற்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த நாட்களை நாம் பெரும்பாலும் கவலையிலும், உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளிலும் கழித்துவிடுகிறோம். அதைவிடப் பயனுள்ள வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, தரப்பட்ட பம்பை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக எடுப்பது. "பழகினால் விட முடியாது" என்ற பயம் எமது சமூகத்தில் ஆழமாக இருக்கிறது. விரிப்பி மருந்துகள் போதைப்பொருள் போல அடிமைப்படுத்துபவை அல்ல. நோய் நாட்பட்டது என்பதால்தான் மருந்தும் நீண்ட காலம் தேவைப்படுகிறது. ஆனால் உடனடி நிவாரணப் பம்ப் வழமையைவிட அடிக்கடி தேவைப்பட்டால், நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அதை உடனே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பம்பைச் சரியாகப் பாவிக்கப் பழகுவது. ஆண்டுக் கணக்காகப் பாவிப்பவர்களிலும் பலர் பிழையாகவே பாவிக்கிறார்கள். மருந்து தொண்டையில் பட்டு வயிற்றுக்குப் போய்விடுகிறது. அழுத்தும் பம்ப் என்றால்:

- நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.
- உதடுகளை இறுக மூடி, மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்துங்கள்.
- மெதுவாகவும் ஆழமாகவும் இழுங்கள். இயலுமானால் பத்து வரை எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள்.
- அடுத்த தடவைக்கு முன் அரை நிமிடமாவது பொறுத்திருந்து, மீண்டும் குலுக்குங்கள்.

பவுடராக வரும் பம்ப் இதற்கு நேர்மாறானது. அதைக் குலுக்குவதில்லை, மூச்சை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்யச் சிரமப்படுபவர்கள் ஸ்பேசர் எனப்படும் பிளாஸ்டிக் குடுவையைக் கேட்டு வாங்குங்கள். மருந்து அதற்குள் நின்று, நீங்கள் மூச்சு இழுக்கும்போது உள்ளே போகும். அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உட்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டீரொய்ட் உள்ள பம்ப் என்றால் பாவித்த பின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். நீங்கள் பாவிக்கும் முறை சரிதானா என்று பார்மசியில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். ஆங்கிலம் சிரமமானால் வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

மூன்றாவது, புகைப்பதை நிறுத்துவது. "இனி விட்டு என்ன பயன்?" என்று எண்ண வேண்டாம். சில வாரங்களுக்கு முன்பே விட்டால் நல்லது. பிந்தி விட்டாலும் நன்மைதான். தினமும் நடப்பதும் இந்த நாட்களில் மருந்துக்குச் சமம். மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளி, காய்ச்சல், புதிதாக முட்டு ஆகியவை வந்தால் சத்திரசிகிச்சை நாள் வரை மறைத்து வைக்காமல் உடனே அறிவியுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் சிகிச்சை செய்து நாளைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

சத்திரசிகிச்சை அன்று காலையில்

வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, காலையில் வழமையாக எடுக்கும் பம்புகளை அன்றும் எடுக்க வேண்டும். பிறகு எல்லாப் பம்புகளையும் ஸ்பேசரையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.

இதற்கான காரணம் சத்திரசிகிச்சை அறைக்குள் இருக்கிறது. மயக்கிய பின் மூச்சுக் குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். இயல்பாகவே இறுகும் தன்மையுள்ள சுவாசக் குழாய்கள் அந்த உரசலில் சட்டென்று இறுகிவிடக்கூடும். அத்தோடு, வெட்டும் பக்கத்துச் சுவாசப்பையைக் காற்றில்லாமல் சுருங்கவிட்டு, மற்றப் பக்கத்துச் சுவாசப்பையால் மட்டுமே உடல் முழுவதற்கும் ஒட்சிசன் கொடுப்பார்கள். அந்த ஒற்றைச் சுவாசப்பையின் குழாய்கள் திறந்திருக்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை. ஆஸ்மா அல்லது சீ.ஓ.பி.டி உள்ளவர்களுக்கு, மயக்குவதற்குச் சற்று முன் சல்பூட்டமோல் கொடுப்பதும் வழக்கம்.

மயக்க மருந்து வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. கடந்த மாதங்களில் ஸ்டீரொய்ட் மாத்திரை எடுத்தீர்களா? தியோபிலின் மாத்திரை எடுக்கிறீர்களா? முட்டு வந்து வைத்தியசாலையில் தங்கியிருக்கிறீர்களா? ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம், கஷாயம் எதுவும் எடுக்கிறீர்களா? "இதெல்லாம் இங்கத்தைய டொக்டருக்கு எதற்கு?" என்று மறைக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்குப் பின்

விழித்தெழும்போது நெஞ்சு நோகும். நோவுக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவோம். இருமலை அடக்குவோம். அடக்கிய சளி தங்கிச் சுவாசப்பையின் அடிப்பகுதி சுருங்கும். அங்கே கிருமி தொற்றினால் நியூமோனியா. இந்தச் சங்கிலியை அறுப்பதே முதல் சில நாட்களின் வேலை.

விரிப்பி மருந்து குழாயைத் திறக்கும், ஆனால் சளியை அது இழுத்து எடுக்காது. இருமித் துப்ப வேண்டியவர் நோயாளிதான். ஆகவே நோ மருந்தை வேண்டாம் என்று சொல்லாமல் கேட்டு வாங்குங்கள். பம்ப் அல்லது நெபுலைசர் எடுத்துக் கால் மணி நேரத்துக்குப் பின் பிசியோதெரபிப் பயிற்சி செய்தால் சளி இலகுவாக வரும். மடித்த துவாயை அல்லது சிறு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் நோ குறையும். தாதி எழுந்து நடக்கச் சொன்னால், "பாவம், படுக்கட்டும்" என்று உறவினர்கள் தடுக்க வேண்டாம்.

நெபுலைசர் என்பது அதே மருந்தைப் புகார் போல் ஆக்கித் தருவது. மூச்சை அடக்கிப் பம்ப் எடுக்கச் சிரமமான நேரத்தில் அது உதவும். அதனால் அது பம்பைவிடப் "பவர்" கூடியது என்று எண்ணத் தேவையில்லை. வீட்டில் தியோட்ரோபியம் எடுப்பவருக்கு வார்ட்டில் இப்ராட்ரோபியம் நெபுலைசர் கொடுத்தால், பொதுவாக ஒன்றை நிறுத்தித்தான் மற்றதைக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே இனம். எனவே கொண்டுபோன பம்பைத் தாதிக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம்.

உறவினர்கள் அறிய வேண்டிய இன்னொரு விடயம். சீ.ஓ.பி.டி உள்ள சிலருக்கு ஒட்சிசனை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட் கூடி மயக்கம் வரலாம். அவர்களுக்கு 88 முதல் 92 சதவீதம் என்பதே இலக்கு. விரலில் மாட்டிய கருவி 90 என்று காட்டுவதைக் கண்டு பதறி, ஒட்சிசனைக் கூட்டச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். "இவருக்குரிய இலக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

பக்க விளைவுகள்

சல்பூட்டமோல் கூடினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். சுவாசப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவதும் உண்டு. ஆகவே படபடப்பை "மருந்தால்தான்" என்று நாமே முடிவு செய்யாமல் சொல்லிவிட வேண்டும். தியோட்ரோபியம், இப்ராட்ரோபியம் ஆகியவை வாயை உலர்த்தும். புரொஸ்டேட் வீக்கம் உள்ள ஐயாமாருக்குச் சிறுநீர் அடைபடலாம். கிளொக்கோமா உள்ளவர்களின் கண்ணில் நெபுலைசர் புகார் படக்கூடாது. வாயில் வைக்கும் குழாயைக் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டீரொய்ட் மாத்திரையால் சீனி அளவு ஏறும். இவற்றுக்காக மருந்தை நாமாக நிறுத்துவது சரியல்ல. மாற்று வழி எப்போதும் உண்டு.

வீட்டுக்கு வந்த பின்

வெளியேறும்போது தரும் மருந்துப் பட்டியலையும் வீட்டிலுள்ள பம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வந்திருந்தால் பார்மசியில் கேளுங்கள். வேறொருவரின் பம்பைக் கடன் வாங்க வேண்டாம். சளிக்கு வேது பிடிப்பது எமது பழக்கம். ஆவி மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கலாம், ஆனால் ஒடுங்கிய குழாயை அது விரிக்காது. காயம் ஆறாத உடம்போடு கொதிநீர்ச் சட்டியின் மேல் குனிவது ஆபத்தும்கூட.

காய்ச்சல், நிறம் மாறிய சளி, கூடிவரும் மூச்சிரைப்பு, காயத்தில் சிவப்பு ஆகியவை இருந்தால் சத்திரசிகிச்சைக் குழுவை அழையுங்கள். பம்ப் எடுத்தும் தணியாத மூச்சுத் திணறல், திடீர் நெஞ்சு நோ, இரத்தம் கக்குதல், உதடு நீலம் பாய்தல் என்றால் தாமதிக்காமல் 999.

ஒரு விளக்கம். சுவாசக் குழாய்கள் சாதாரணமாக உள்ள ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்பதற்காக மட்டும் விரிப்பி மருந்து தேவையில்லை. குழாய் ஒடுங்கியவருக்கோ அது மயக்கம், நோ, சளி ஆகிய மூன்றையும் தாண்ட உதவும் ஒரு கைத்தடி. புற்றுநோயை அது குணப்படுத்தாது. அதைக் குணப்படுத்தக்கூடிய சத்திரசிகிச்சையைத் தாங்கும் நிலைக்குச் சிலரைக் கொண்டுவரும்.

வைத்தியசாலைக்குப் பை கட்டும்போது துவாய், செருப்பு, கண்ணாடி, கைத்தொலைபேசி என்று அடுக்குகிறோம். அந்தப் பட்டியலின் முதல் வரியில் பம்பை எழுதுவோம்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் மருந்துகள் பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியருடனும் மயக்க மருந்து வைத்தியருடனும் கலந்து பேசியே எடுங்கள்.)